ரோட்டு மனை, உள் மனை

பழைய பெருங்களத்தூர்
8 ஜூன் 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிளியம்மாள் எழுதுகிறேன். நானும் என் தையல் மிஷினும் சௌக்கியம். உன் கண்ணும் அண்ணியின் முட்டியும் எப்படி இருக்கின்றன? தீபாவும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறார்களா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உனக்குச் சரியாகக் கேட்காது, தீபா ஸ்பீக்கரில் போடுவாள், உங்கள் ஓசூர் அபார்ட்மெண்ட் முழுக்க நம் வீட்டு விஷயம் தெரிந்துபோகும். இது அப்படிக் கத்திப் பேசுகிற விஷயம் இல்லை.

ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் வரும், பாலம் வரும் என்று வருஷக்கணக்காகச் சொல்வார்களே, நிஜமாகவே வருகிறது. அது இறங்குகிற இடம் என் வீடு. ஓரமெல்லாம் இல்லை, வீடு முழுசாகப் போகிறது. போன செவ்வாய்க்கிழமை ஒருவர் பசை வாளியோடு வந்து, "யாருமா இங்க தசரதன்?" என்றார். என் அண்ணன், ஓசூரில் இருக்கிறார் என்றேன். "நெலம் அவரு பேர்லதான் கீது. அப்போ நீ இன்னா, வாடகைக்கா கீற?" என்று கேட்டுவிட்டு, நோட்டீஸை என் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். நான் கட்டிய வீட்டு வாசலில் நானே வாடகைக்காரி மாதிரி நின்றேன்.

அப்பா பாகம் பிரித்தபோது ரோட்டு மனை உனக்கு, உள் மனை எனக்கு என்று பத்திரம் எழுதினார். வீடு கட்டுவதற்கு முன்னால் நாம் வாய்ப்பேச்சிலேயே மாற்றிக்கொண்டோம். நான் ரோட்டு மனையில் கட்டினேன், நீ எனக்குப் பின்னால் உள் மனையில் கட்டினாய், நீ தீபாவோடு ஓசூர் போனதிலிருந்து அது பூட்டிக் கிடக்கிறது. பத்திரத்தையும் மாற்றிவிட வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் பேசுவோம், கரும்பைக் கடித்துக்கொண்டே மறந்துவிடுவோம். இப்போது மாற்றலாம் என்றால், நோட்டீஸ் வந்த நிலத்தில் இனி எந்தப் பத்திரமும் பதிய முடியாதாம். ஆக, இடிபடுவது என் வீடு, இழப்பீடு வருவது உன் பேருக்கு.

என்ன செய்யலாம், எழுது. எனக்கு வேறு வீடு கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

உன் தங்கை,
கிளி


ஓசூர்
21 ஜூலை 2023

அன்புள்ள தங்கை கிளியம்மாளுக்கு,

நலம். அங்கும் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், அதனால் பதில் தாமதம். அண்ணி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறாள்.

நீ எழுதிய விஷயம் தெரிந்துகொண்டேன். யோசித்துச் செய்ய வேண்டியது. அவசரப்பட வேண்டாம். உள் மனைப் பத்திரத்தின் அசல் உன்னிடம்தானே இருக்கிறது? பத்திரமாக இருக்கிறதா? அதை வைத்து நீ யாரிடமாவது ஆலோசனை கேட்டாயா?

அங்கே மழை உண்டா? வண்டலூர் ஜூ சிங்கம் விடியற்காலையில் கத்துவது இப்போதும் வீட்டுக்குக் கேட்கிறதா? சண்முகம் சாலை மார்க்கெட்டில் கீரைக்கட்டு இன்னும் அதே பருமனா? இங்கே கீரையை பிளாஸ்டிக் பையில் போட்டு விற்கிறார்கள்.

தசரதன்


பழைய பெருங்களத்தூர்
29 ஜூலை 2023

அண்ணா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். சந்தோஷம் இத்தோடு முடிந்தது.

ஆறு வாரம் தபால்காரர் பின்னாலேயே அலைந்தேன். வந்தது கடிதமா, பேங்க்கிலிருந்து வந்த அறிக்கையா? "யோசித்துச் செய்ய வேண்டியது" என்று எழுதுகிறாயே, உனக்கு யார் இந்தப் பாஷையைச் சொல்லிக்கொடுத்தார்கள்? தெருமுனை ஜெராக்ஸ் கடை ஷ்யாம்சுந்தர் வேறு, "பணம் ஒரு தடவை அண்ணன் அக்கவுண்ட்டுக்குப் போயிட்டா வராது அக்கா, இப்பவே கேஸ் போட்டுடுங்க" என்று தினமும் ஓதுகிறான். இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டேன், மறைக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. எதற்கு நீ உள் மனைப் பத்திரத்தைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறாய்? உன் வீடு நிற்கிற நிலம் காகிதப்படி என்னுடையது! என் பணம் உன் கையில், உன் வீடு என் கையில். அங்கே நீ நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், இங்கே நான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். துணி கொடுக்க வந்த டீச்சர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

சரியாகத்தான் கண்டுபிடித்தேனா? ஒழுங்காக எழுது.

கிளி

சிங்கம் கத்துகிறது. கீரைக்கட்டு இளைத்துவிட்டது.


ஓசூர்
5 ஆகஸ்ட் 2023

என் கிளிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அண்ணியும் நானும் சிரித்த சிரிப்பில் தீபா வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். சௌக்கியமாக இருக்கிறோம். இப்போதுதான் சௌக்கியம்.

நீ கண்டுபிடித்தது சரி. மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒரு வக்கீல். "உங்க தங்கச்சி நினைச்சா உங்களை அந்த வீட்டிலிருந்து காலி பண்ணச் சொல்லலாம் சார்" என்று காபி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு உனக்கு நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதைத்தான் அனுப்பினேன், அது கிழித்ததைவிட மோசம்.

இழப்பீடு முழுவதும் உனக்கு. நிலத்துக்கும் சரி, வீட்டுக்கும் சரி, சர்க்கார் ஆறுதலுக்கென்று மேலே போட்டுத் தருவதும் சரி. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல், போடுகிறேன். விட்டது பீடை என்று இரு.

உன் அண்ணன்,
தசரதன்


பழைய பெருங்களத்தூர்
2 செப்டம்பர் 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். அனகாபுத்தூரிலிருந்து என் பெண் அனுப்பிரியா ஸ்கூட்டரில் வந்தாள். அவள் பின்னால் உட்கார்ந்து நில எடுப்பு அலுவலகத்துக்குப் போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் சாமியைக் கூப்பிட்டேன், நலமாகவே இறங்கினேன்.

அங்கே தாசில்தார் தேவதர்ஷினி என்று ஒரு பெண். சின்ன வயசு, பொறுமையான முகம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பணம் இவங்களுக்குப் போகட்டும்னு சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா, நான் தீர்ப்புல அப்படியே போடலாம்மா. ஆனா எப்போ மாத்திக்கிட்டீங்க, ஏன் மாத்திக்கிட்டீங்கன்னு ரெண்டு பேரும் தனித்தனியா வாக்குமூலம் தரணும். ரெண்டும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகலைன்னா பணத்தை கோர்ட்ல கட்டிடுவேன். அப்புறம் அது எப்போ வரும்னு எனக்கே தெரியாது." கோர்ட்டுக்குப் போனால் பாலத்தில் பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் நான் வாடகை வீட்டில்தான் இருப்பேன்.

ஆகையால் நான் எழுதியதை அப்படியே அனுப்புகிறேன், நீயும் இதேபோல் எழுதிவிடு: "1989-ல் என் அண்ணி பிள்ளை உண்டாகியிருந்தார். ரோட்டு மனைக்கு எதிரே சுடுகாடு. அங்கே குடியிருக்க அவர் பயந்தார். ஆகவே நான் என்னுடைய உள் மனையை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து, அவருடைய ரோட்டு மனையை எடுத்துக்கொண்டேன்."

நாலே வரி. பார்த்து எழுதி அனுப்பு, வேலை முடிந்தது.

கிளி


ஓசூர்
10 செப்டம்பர் 2023

கிளி,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

விட்டுக்கொடுத்தாயா? நீயா? விட்டுக்கொடுத்தது நான்! அந்த வருஷம் உன் வீட்டுக்காரர் சிட்டிபாபு வேலை பார்த்த கம்பெனியை மூடினார்கள். மனுஷர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரோட்டு மேல் இடம் இருந்தால் சைக்கிள் கடை வைத்துப் பிழைத்துக்கொள்வாரே என்று நினைத்தேன். நேராகக் கொடுத்தால் வாங்குவாரா? ரோஷக்காரர். அதனால்தான் உன் அண்ணி சுடுகாட்டுக்குப் பயப்படுகிறாள் என்று ஒரு சாக்குச் சொன்னேன். ரோட்டு மனைக்கு அப்போதே என்ன கிராக்கி! அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன். நீ எனக்கு விட்டுக்கொடுத்தாய் என்று சர்க்காருக்கு எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டுமா?

பணம் முழுவதும் நீ எடுத்துக்கொள். ஒரு காசு வேண்டாம். ஆனால் அந்த நாலு வரியில் கையெழுத்துப் போட மாட்டேன்.

தசரதன்


பழைய பெருங்களத்தூர்
18 செப்டம்பர் 2023

அண்ணா,

சாக்கா? அது சாக்கா?

நீ சொன்னதை நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும். அமைதியான உள் மனை, வாசலில் வேப்பமரம். அதில் கட்டத்தான் நானும் அவரும் ஆசைப்பட்டுக் கோலமாவால் தரையில் கோடு போட்டுப் பார்த்திருந்தோம். வயிற்றுப் பிள்ளைக்காரி பயப்படுகிறாள் என்று நீ வந்து நின்றாய். சும்மா மாற்றிக்கொண்டால் தங்கையிடம் யாசகம் வாங்கியதுபோல் உனக்கு இருக்குமே என்று, "அவருக்கும் கடை போட ரோட்டு மனைதான் வசதி" என்று சொன்னேன். நான் சொன்னதுதான் சாக்கு! அவருக்கு அம்பத்தூரில் வேறு கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. சைக்கிள் கடை என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது. ரோட்டு மேல் இடம் வந்துவிட்டதே, சும்மா விடுவானேன் என்றுதான் கடை போட்டார்.

உன்னோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. வாக்குமூலம் கொடுக்க அடுத்த மாதம் வரைக்கும்தான் நேரம். நீ அதையே பிடித்துக்கொண்டு நின்றால் பணம் கோர்ட்டுக்குப் போகும், நான் தெருவுக்குப் போவேன். அண்ணி பக்கத்தில்தானே இருக்கிறார்கள்? சுடுகாட்டுக்குப் பயந்தார்களா இல்லையா என்று அவர்களையே கேள்.

கிளி


ஓசூர்
25 செப்டம்பர் 2023

அன்பான கிளிக்கு,

அண்ணி எழுதுகிறேன். எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள். முட்டி இப்போது பரவாயில்லை. உன் இடுப்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் அண்ணன் கடிதத்தை என் மடியில் போட்டுவிட்டு, "சொல்லு, நீ பயந்தியா இல்லையா" என்று நின்றார். நான் எதற்குப் பயப்பட வேண்டும்? என் அம்மா வீட்டு வாசலில் நின்றால் சுடுகாடுதான் தெரியும். அங்கே எரியும் வெளிச்சத்தில் பாடம் படித்து வளர்ந்தவள் நான். எனக்குப் பயம் என்று இவர் ஊரெல்லாம் சொன்னது எனக்கே பிறகுதான் தெரியும். உன் வீட்டுக்காரருக்காகச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு நானும் இரண்டு நாள் பயந்த மாதிரி நடித்தேன். நன்றாக நடித்தேன் என்று நினைக்கிறேன்.

அம்பத்தூர் வேலை விஷயம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நீ எங்களுக்காக உன் ஆசையை விட்டாய் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அதைப் படித்ததிலிருந்து இவர் பால்கனியில் போய் உட்கார்ந்திருக்கிறார். காபி ஆறிப்போய்விட்டது. கூப்பிட்டால் தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைத் துடைக்கிறார். புரை எடுத்த கண் பார், நான் காபியைச் சுட வைத்துக் கொடுத்தேன்.

வாக்குமூலத்தைத் தபாலில் அனுப்பச் சொல்கிறேன். பயணம் செய்ய டாக்டர் இன்னும் விடவில்லை. நீ சாப்பிடு, கவலைப்படாதே.

அண்ணி


பழைய பெருங்களத்தூர்
20 அக்டோபர் 2023

என் அருமை அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம், நலத்துக்கும் மேலே. நேற்று விசாரணை முடிந்தது. நீ வந்திருக்க வேண்டும்.

அண்ணி கடிதத்தைப் படித்த அன்றைக்கே என் பழைய நாலு வரியைக் கிழித்துப் போட்டேன். நீ சொன்னதையே புதிதாக எழுதினேன். "என் கணவர் வேலையின்றி இருந்தார், அவர் பிழைக்க வேண்டும் என்று என் அண்ணன் விலை கூடிய ரோட்டு மனையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்." இதில் எனக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை, நடந்ததும் அதுதான். ஒத்துப்போக வேண்டும் என்றார்களே, உன் பிடிவாதம் தெரிந்ததுதானே, நீ அதைத்தான் எழுதியிருப்பாய் என்று நம்பிக் கொண்டுபோய் நீட்டினேன்.

தாசில்தார் படித்தாள். பிறகு நீ நோட்டரி முத்திரையோடு அனுப்பியிருந்த கவரைப் பிரித்துப் படித்தாள். மறுபடியும் என்னுடையதைப் படித்தாள். மறுபடியும் உன்னுடையதை. அப்புறம் சத்தமாகவே படித்தாள்: "என் மனைவி பயப்படுவதாகச் சொன்னதை நம்பி, என் தங்கை தான் ஆசையாகக் கட்ட நினைத்த உள் மனையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தாள்."

"என்னம்மா இது? முதல்ல வந்தப்ப நீங்க வாயால சொன்னதை அவர் எழுதி அனுப்பியிருக்கார். நீங்க என்னடான்னா அவர்தான் விட்டுக்கொடுத்தார்னு எழுதியிருக்கீங்க. மனையைத்தான் மாத்திக்கிட்டீங்கன்னு பார்த்தா, இதையும் மாத்திக்கிட்டீங்களா?" என்றாள். அறையிலிருந்த கிளார்க்குகள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். அனுப்பிரியா முகத்தை துப்பட்டாவால் மூடிக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தது.

கோர்ட்தானா மேடம் என்று கேட்டேன். தாசில்தார் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இந்த நாற்காலியில உட்கார்ந்து எனக்கு இல்லை எனக்கு இல்லைன்னு ரெண்டு பேர் சண்டை போட்டு நான் பார்த்ததில்லம்மா. மாத்திக்கிட்டது உண்மை, ரெண்டு பேரும் சொல்றீங்க. வருஷம் ஒத்துப்போகுது. வீட்டு வரியும் கரண்ட் பில்லும் உங்க பேர்ல இருக்கு. பணம் உங்களுக்குன்னு அவரும் எழுதிட்டார். யார் யாருக்கு விட்டுக்கொடுத்தாங்கன்னு நான் தீர்மானிக்க வேண்டாம்" என்றாள். தீர்ப்பில் என் பேரையே போட்டுவிட்டாள் அண்ணா! வெளியே வந்து ஷ்யாம்சுந்தருக்கும் சேர்த்து எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கினேன்.

இனி ஒரு விஷயம். இந்தப் பணத்துக்குத் தாம்பரத்தில் மனை கிடைக்காது. கூடுவாஞ்சேரியும் தாண்டிப் போக வேண்டும். அங்கே போனால் எனக்கு யார் பிளவுஸ் கொடுப்பார்கள்? ஆகையால், உன் வீட்டுக்கு மேலே நான் ஒரு மாடி கட்டிக்கொள்ளலாமா? நிலம் என் பேரில் இருக்கிறது என்ற திமிரில் கேட்கவில்லை.

கிளி


ஓசூர்
2 நவம்பர் 2023

என் கிளிக்கு,

உன் கடிதத்தைத் தீபா வாய்விட்டுப் படித்தாள். இந்தத் தடவை அபார்ட்மெண்ட் முழுக்கக் கேட்கட்டும் என்று நானேதான் சொன்னேன். எல்லோரும் சுகம்.

மாடியா? கட்டு, தாராளமாகக் கட்டு! படிக்கட்டு வெளியில் வேண்டாம், மழையில் வழுக்கும். உள்ளே வை. உள் மனை இனிமேல் பாலத்தடி ரோட்டுக்கு முதல் மனையாகிவிடும். கீழ் முன்னறையில் ஷட்டர் போட்டு உன் மிஷினை வைத்துக்கொள், மாடி ஏறி யார் துணி கொடுக்க வருவார்கள்?

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. இங்கே யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. தீபா என்னை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். ஆனாலும் எனக்கு ஊருக்கு வர வேண்டும் போலவே இருக்கிறது. குழந்தை மனசு கஷ்டப்படுமே என்று வெளியே சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவளே என்னைப் பார்த்து, "நீ கீரைக்கட்டு விசாரிச்சப்பவே எனக்குத் தெரியும்பா. போ, லீவுக்கெல்லாம் நான் அங்க வர்றேன்" என்றாள். அண்ணி இப்போதே பாத்திரங்களை மூட்டை கட்டுகிறாள்.

நிலத்தை உன் பேரிலேயே வைத்துக்கொள். இந்த வயசில் எனக்கு எதற்குப் பத்திரம்?

தசரதன்


பழைய பெருங்களத்தூர்
9 பிப்ரவரி 2024

அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன், ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கத்தானே போகிறேன். பணம் வந்துவிட்டது. என் வீட்டை இடிக்கிறார்கள், உன் வீட்டுக்கு மேலே கம்பி கட்டுகிறார்கள். தெரு நடுவே நின்றால் இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்கிறது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை கடை வைத்திருந்த சுவர் விழுந்தபோது கொஞ்சம் அழுதேன். பிறகு கொத்தனாருக்கு டீ வாங்கப் போய்விட்டேன்.

இந்தத் தடவை பொங்கலுக்குக் கரும்பைத் தொடவில்லை. அது முடிந்ததும் நேராகப் பத்திரம் எழுதும் அச்சுதனிடம் போனேன். நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுவேனா? உள் மனையில் சரிபாதி உன் பேருக்கு எழுதச் சொன்னேன். அவன் லேப்டாப்பைத் திறந்ததும், "தம்பி, ஏன் கொடுக்கிறேன்னு காரணம் எழுதணுமா? அதில்தான் எங்களுக்குள்ள தகராறு" என்று ஆரம்பித்தேன். 1989-லிருந்து முழுக் கதையும் சொல்லத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் நீங்க சொல்ல வேணாம்மா. ரத்த சம்பந்தத்துக்கு ஒரே காரணம்தான், ஏற்கெனவே டைப் பண்ணி வெச்சிகீறேன். சண்ட போட்டுகினு வர்றவங்களுக்கும் அதான் போடுவேன்" என்று படித்துக் காட்டினான். நான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பிறகு மூன்றாவது தடவையும். எத்தனை வாக்குமூலம் எழுதினோம், எத்தனை கிழித்தோம் அண்ணா! அதைவிட ஒரு எழுத்து கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்த வரியையே இங்கேயும் போடுகிறேன்.

உன் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்,
கிளி